விளக்கு அறையில் இரண்டு சொம்பு

பாவா,

இன்று காலை ஷிப்டு மாற்ற வந்தபோது விளக்கு அறை ஜன்னல் கட்டையில் சின்னதாக ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது. பிரிப்பதற்கு முன்பே என்னவென்று தெரிந்துவிட்டது. மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறிக்கொண்டு மலைச் சந்தனம் மணத்தது. உன் இடத்துக்கு வந்திருக்கும் ஆள் நேற்று மலைக்குப் போய் வந்திருக்கிறான். எனக்கு மூன்று நாளாக இருமல். அதற்காகக் கொண்டுவந்திருக்கிறான், நல்ல மனசுதான். ஆனால் என் கையில் கொடுக்கவில்லை. வெளியே இறங்கி நின்றுகொண்டு, "சந்தனம் கீது, கரைச்சிக் குடிச்சிக்கோங்க" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டான். ஏன் கையில் கொடுக்கவில்லை என்பது நீ போன பிறகு நடந்த கதை. கடைசியில் சொல்கிறேன்.

நீ போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். யுத்தத்துக்காக விளக்குகளுக்கு மாட்டிய கறுப்பு மூடிகளைக் கழற்றி மூலையில் போட்டாயிற்று. மலைக்கோயிலையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள், சட்டமே வந்துவிட்டது. விளக்கு அறை மட்டும் அப்படியே இருக்கிறது. அதே தகரக் கூரை, அதே எண்ணெய்ப் பிசுக்கு, சுவரில் எதிரும் புதிருமாக அதே இரண்டு ஆணி.

உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல் இல்லை. ஆனால் இதை வேறு யாரிடம் சொல்வது? பெண்டாட்டி பிள்ளைகள் பள்ளிப்பட்டில் நிலத்தோடு இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். போனால் மழை, மாடு, கடலைக்காய் என்று பேச்சு போய்விடும். இங்கே திருத்தணியில் என்னோடு உட்கார்ந்து பேசிய ஆள் நீ ஒருவன்தான். அதை நீ இருந்தபோது நான் உணரவில்லை.

நமக்கு என்ன பெரிய வேலை? சிக்னல் விளக்குகளை இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, மறுபடி தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் ஏறி மாட்டவேண்டும். பகலில் ஒருவன், இரவில் ஒருவன். நீ போகும்போது நான் வருவேன், நான் போகும்போது நீ வருவாய். மாற்றிக்கொள்ளும்போது அரைமணி நேரம் சேர்ந்து உட்காருவோம். காலையில் ஒரு அரைமணி, சாயங்காலம் ஒரு அரைமணி. ஆறு வருஷம் அப்படியே ஓடியது.

மூலையில் ஒரு மண்பானை இருந்தது, நினைவிருக்கிறதா? மேலே ஒரு தகர டம்ளர். யார் முதலில் வருகிறானோ அவன் ஸ்டேஷன் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ரொப்பவேண்டும். நீ குடித்த டம்ளரில் நான் குடிப்பேன், நான் குடித்ததில் நீ குடிப்பாய். நீ கே.ஜி.கண்டிகையில் எந்தத் தெரு என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்துதான் குடித்தேன். உடனே என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிடாதே. தாகமாக இருந்தது, யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

'பாவா' என்று ஆரம்பித்தவன் நீ. தெலுங்குப் பக்கத்திலிருந்து வரும் கூட்ஸ் வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, ஒருநாள் கண்ணாடி துடைத்தபடியே, "இன்னா பாவா, திரி எல்லாம் இப்பிடி கருக வெச்சிக்கீற?" என்றாய். நான் துணியைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். பாவா என்றால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவு. உன் தெருவுக்கும் என் தெருவுக்கும் நடுவே அந்தச் சொல் நடந்து வந்ததை ஊர் கேட்டிருந்தால் ரெண்டு பேருக்கும் தோல் உரிந்திருக்கும். நீயும் அது தெரிந்துதான் சொன்னாய், உதட்டோரம் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குப்பின் அறைக்குள்ளே பாவா. பிளாட்பாரத்தில் இறங்கினால் நீ என்னைப் 'பள்ளிப்பட்டாரே' என்பாய், நான் உன்னைப் பேர் சொல்லி வாடா போடா என்பேன். இந்தப் பழக்கத்தைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

சாமி விஷயத்தில் உனக்கும் எனக்கும் சண்டையே வந்ததில்லை, கிண்டல்தான். உன் தாத்தா கதையை நீதான் சொன்னாய். கிருத்திகைக்குக் கிருத்திகை கண்டிகையிலிருந்து நடந்துவந்து, மலையடியிலேயே கற்பூரம் ஏற்றி, மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாராம். படியில் கால் வைக்கக்கூடாது. "எங்க நைனா பாத்தாரு. ஏற வுடாத சாமிய எதுக்குக் கும்புடணும்னு வேதத்துக்குப் பூட்டாரு" என்றாய்.

உங்கள் கிறிஸ்தவச் சபைப் போதகரை நீங்கள் ஐயர் என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னதைத் திங்கட்கிழமை காலை எனக்குச் சொல்லிச் சிரிப்பாய்.

"நீ நல்லவன்தான் பாவா. ஆனா எங்க ஐயரு சொல்றதப் பாத்தா நீ நேரா நரகம்தான்."

"அங்க சூடு ஜாஸ்தியாமே?"

"ஆங். அடுப்புக்குள்ளயே கெடக்கற மாதிரி."

"தண்ணி?"

"நான் மேலேர்ந்து ஊத்தறேன். நீ கைய ஏந்திக்கோ. உங்க ஊர்ல எங்க ஆளுங்களுக்கு ஊத்துவீங்களே, அது மாதிரி."

அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ அவ்வளவு சிரிக்கவில்லை என்று இப்போது நினைக்கும்போது தோன்றுகிறது.

என் பெரிய பையனுக்கு அம்மை போட்ட வருஷம் நான் வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கிறேன் என்று. பிழைத்தான். நீயும் உங்கள் சபையில் அவனுக்காக ஜெபம் பண்ணச் சொன்னதாகச் சொன்னாய். எந்த வேண்டுதல் பலித்தது என்று நாம் ரெண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மட்டும் புத்தியாக இருந்தோம்.

காவடி எடுப்பதைத் தனியாக எடுத்திருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியாதே என்று ஒரு பஜனைக் கோஷ்டியில் போய்ச் சேர்ந்தேன். அதற்குத் தலைவர் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்தவர். பக்தி உள்ள மனுஷர், குரலும் நல்ல குரல். அவர்தான் விரதத்துக்கு விதி சொன்னார். மூன்று வாரம், ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, மஞ்சள் வேட்டி. கண்ட இடத்தில் கண்டவர் கையால் தண்ணீர் குடிக்கக்கூடாது. சொந்தச் சொம்பு வேண்டும்.

பித்தளைச் சொம்பு ஒன்று வாங்கி, அடியில் ஆணியால் புள்ளி புள்ளியாக ஒரு வேல் அடித்துக்கொண்டு வந்து, விளக்கு அறைச் சுவரில் உயரமாக ஓர் ஆணியடித்து மாட்டினேன். நீ விளக்கைத் துடைத்துக்கொண்டே பார்த்தாய்.

"இன்னா பாவா, புதுசா கீது?"

"விரதம். மூணு வாரத்துக்குத்தான்."

"ஆங்" என்றாய்.

அடுத்த வாரம் நீயும் ஒரு சொம்பு வாங்கி வந்தாய். அதே கடை, அதே அளவு. அடியில் ஒரு சிலுவை. என் ஆணிக்கு நேர் எதிர்ச் சுவரில், அளந்து வைத்ததுபோல் அதே உயரத்தில், ஓர் ஆணி அடித்தாய். விக்கிரகத்துக்குப் படைத்ததையும் படைத்தவர்களையும் விட்டுக் கொஞ்சம் விலகி இருப்பது நல்லது என்று உங்கள் ஐயர் சொன்னதாகச் சொன்னாய். "தப்பா நெனச்சிக்காத" என்றும் சொன்னாய். நான் நினைக்கவில்லை என்றேன். நடுவில் பானை இருந்தது. ரெண்டு நாளில் அதில் தண்ணீர் தீர்ந்தது. "இத இனிமே யாரு ரொப்பறது?" என்று கேட்டாய். நான் திரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். பானை காய்ந்து போனது.

அந்த மூன்று வாரத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்பதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உன்மேல் எனக்கு அருவருப்பு வரவில்லை. கோபமும் இல்லை. இரக்கம் வந்தது. பாவம், நல்லவன், இவனுக்கு இதெல்லாம் கிடைக்கவில்லையே என்று. ஒரு வேளைச் சோற்றை விட்டவனுக்கு ஊரே கொஞ்சம் சிறியதாகத் தெரிகிறது, பாவா. காபி குடித்துக்கொண்டே விரதம் இருக்கிறார்கள் என்று அரக்கோணம் கோஷ்டியைப் பற்றி எங்கள் கோஷ்டி சிரிக்கும். பால்காவடிக்காரனைப் பூக்காவடிக்காரன் ஒரு மாதிரி பார்ப்பான். பூக்காவடியிலும் வேண்டுதலுக்கு எடுப்பவனை வருஷா வருஷம் எடுப்பவன் ஒரு மாதிரி பார்ப்பான். உங்கள் பக்கமும் அப்படித்தானே? தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் வாங்கியவனை முழுக்கு வாங்கியவன் மதிப்பதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். என்னைப் பார்க்கும்போது உன் கண்ணிலும் அதே இரக்கத்தைப் பார்த்தேன். ஒரே அறையில் ரெண்டு பேர், எதிரெதிராக உட்கார்ந்து, ஒருவனுக்காக ஒருவன் பரிதாபப்பட்டுக்கொண்டு எண்ணெய் ஊற்றினோம்.

தனியாக இருந்தவரை எனக்குச் சாமி இருந்தார். கோஷ்டியில் சேர்ந்த பிறகு சாமியோடு கூட எனக்குக் கீழே நாலு பேரும் கிடைத்தார்கள். அந்த ருசி மோசமான ருசி. விட முடியவில்லை.

கிருத்திகை அன்று நடந்ததை எழுதத்தான் இத்தனை நேரம் சுற்றி வருகிறேன்.

எனக்கு லீவு. உனக்கு வேலை. ஸ்பெஷல் வண்டிகள் வந்து கூட்டம் கொட்டியதால் உன்னை ரயில்வே கேட்டில் கொடியோடு நிறுத்தியிருந்தார்கள். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து எங்கள் கோஷ்டி கிளம்பியது. மேளம், அரோகரா, தோளில் பூக்காவடி. முந்தின நாளிலிருந்து வாயில் ஒன்றும் போடவில்லை. ஆடி வெயில். கேட்டைத் தாண்டும்போது தண்டவாளமும் ஆட்களும் சேர்ந்து சுற்றின. காவடியை யாரோ பிடித்துக்கொண்டார்கள். நான் கீழே விழுந்தேன்.

யாரோ என் தலையைத் தூக்கி மடியில் வைத்தார்கள். மண்ணெண்ணெய் வாசனை. உன் கை என்று உடனே தெரிந்துவிட்டது. உதட்டில் சில்லென்று பித்தளை பட்டது.

"குடி பாவா. கொஞ்சம் வாயத் தொற."

அறைக்குள்ளேயே இருக்கவேண்டிய சொல் அத்தனை பேர் நடுவில் உன் வாயிலிருந்து வந்துவிட்டது. பதறியவனுக்கு இடம் பொருள் ஏது? மளிகைக்காரர் குனிந்து, "யாருப்பா நீ? விரதக்காரன் வாயில இன்னாத்த ஊத்தற?" என்றார். பின்னாலிருந்து இன்னொருவன், "பாவாவா? யாரு யாருக்குப் பாவா?" என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு நினைவு இல்லை என்று ஊரில் பலபேர் சொன்னார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு நன்றாக நினைவு இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் உதட்டில் இருந்தது, நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். தண்ணீர் கன்னத்தில் வழிந்து மஞ்சள் வேட்டியை நனைத்தது. மளிகைக்காரர், "யாரு இவன், ஒனக்குத் தெரிஞ்சவனா?" என்று கேட்டார்.

"ஸ்டேஷன்ல கூட வேல செய்யறவன். அவ்ளோதான்."

இதைச் சொன்னது என் வாய்தான். நீ என் தலையை மெதுவாக வேறொருவன் மடிக்கு மாற்றினாய். சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றவில்லை, நீயே குடித்தாய். அதற்குள் சிக்னல் இறங்கியது. நீ கொடியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாய். கோஷ்டிக்காரர்கள் என்னை நிழலில் படுக்கவைத்து, ஒருவன் விசிற, ஒருவன் கால் பிடிக்க, தங்கள் சொம்பிலிருந்து மோர் கொடுத்து, கடைசியில் தோள் கொடுத்து முன்னூற்றுச் சொச்சம் படியும் ஏற்றிவிட்டார்கள். அதையும் சொல்லவேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் ஆளுக்கு உயிரைக் கொடுப்பவர்கள். தங்கள் ஆள் யார் என்பதில்தான் கறார்.

மறுநாள் காலை அறைக்கு வந்தேன். நீ விளக்குகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாய்.

"எண்ணெ ஊத்தியாச்சு, பள்ளிப்பட்டாரே. அவுட்டர் சிக்னல் விளக்குல கண்ணாடி விரிசல் உட்ருக்குது. பாத்து எடுங்க."

பள்ளிப்பட்டாரே. அறைக்குள்ளே. அன்றிலிருந்து அவ்வளவுதான். அரைமணி நேரம் ஐந்து நிமிஷமாயிற்று. மூன்று வாரம் முடிந்தும் என் சொம்பு ஆணியிலேயே தொங்கியது. எடுத்துப் போட எனக்கு வெட்கமாக இருந்தது. எடுத்தால் செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். உன்னுடையதும் தொங்கியது. இப்படி ஐந்து மாதம். எத்தனையோ நாள் 'பாவா' என்று தொண்டை வரை வந்திருக்கிறது. கூப்பிட்டு நீ திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று விழுங்கிவிட்டேன்.

தை பிறந்தபோது உனக்கு விஷஜுரம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். பத்து நாளாகக் கண்டிகையில் படுத்துக் கிடக்கிறாய், பக்கத்து வீட்டார்கூட உள்ளே வரப் பயப்படுகிறார்கள் என்றார்கள். நான் மலைக்கு ஏறினேன். எங்கள் மலையில் கொடுக்கும் சந்தனம் நெற்றியில் இடுவதற்கில்லை. தெரியாத வெளியூரார் பூசிக்கொள்வார்கள். உள்ளூரார் அதைத் தண்ணீரில் கரைத்து நோய்க்கு மருந்தாகக் குடிப்பார்கள். அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, ஆணியிலிருந்து என் சொம்பை எடுத்துக்கொண்டு, கண்டிகைக்கு நடந்தேன். உன் சொம்பை நீ ஜுரத்தோடு போனபோதே வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாய். உன் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆறு வருஷத்தில் முதல் தடவை.

உன் பெண்டாட்டி ஒன்றும் கேட்காமல் உங்கள் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு என் சொம்பில் ஊற்றியது. சந்தனத்தைக் கரைத்தேன். கயிற்றுக் கட்டிலில் நீ பாதி ஆளாகக் கிடந்தாய். கண் மட்டும் பழைய கண்.

"இன்னா பள்ளிப்பட்டாரே, வழி தெரிஞ்சி வந்தீங்களா?"

"மலைச் சந்தனம். ஜுரத்துக்கு நல்லது. குடி" என்றேன்.

நீ சொம்பைப் பார்த்தாய். அடியிலிருந்த வேலைப் பார்த்தாய். அப்புறம், "மொதல்ல நீங்க கொஞ்சம் குடிங்க. எங்க பானைத் தண்ணிதானே" என்றாய்.

வாசலில் உங்கள் தெரு ஆட்கள் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருந்தது. சொம்பை வாய் வரை கொண்டுபோனேன். அங்கே கை நின்றது. விஷஜுரம் ஒட்டிக்கொள்ளுமோ என்று நின்றதாகப் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். ஒரு மூச்சு இழுக்கும் நேரம் இருக்கும். பிறகு குடித்தேன், ரெண்டு வாய் நன்றாகவே குடித்தேன்.

நீ என் கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"யோசிச்சிட்ட, பாவா" என்றாய்.

ஐந்து மாதம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்டேன். அழுகை வந்தது. சொம்பை உன் கையில் கொடுத்தேன். நீ அதை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாய்.

"பரவால்ல. நானும்தான் யோசிச்சிகினு கெடக்கறேன். இத்த குடிச்சா எங்க தாத்தா நின்னுகினு இருந்த எடத்துக்கே திரும்பிப் பூடுவனோன்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். உங்கள் ஐயரும் இன்னும் ரெண்டு பேரும் ஜெபம் பண்ண வந்துவிட்டார்கள். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாத நீ, சொம்பை எவ்வளவு சட்டென்று கட்டிலடியில் தள்ளினாய்! கேட்டில் நான் முகத்தைத் திருப்பிய வேகம் அது. ஐயர் நல்ல மனுஷர். யாரும் கிட்டே வராத வீட்டில் ராத்திரி பகலாக உன் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துவிட்டவர் அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னைப் பார்த்து மரியாதையாக, "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டார்.

நீ முந்திக்கொண்டு சொன்னாய்: "ஸ்டேஷன்ல கூட வேல செய்யறவருங்க."

வேண்டுமென்றே சொன்னாயா, வாயில் வந்ததைச் சொன்னாயா, எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், இன்னொரு நாள் வந்து கேட்கலாம் என்று வந்துவிட்டேன். எட்டாம் நாள் நீ இல்லை.

உன்னை அடக்கம் பண்ணும்போது வந்தேன். கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் பாட்டு முடிந்து, மண் போட்டு, எல்லாரும் திரும்பும்வரை நின்றேன். உன் தாத்தா மலையடியில் நின்றதுபோலத்தான். ஆனால் அவரைத் தடுக்க ஆள் இருந்தது.

ஒரு மாதம் கழித்து உன் பெண்டாட்டி ஸ்டேஷனுக்கு வந்து உன் சட்டையையும் கைவிளக்கையும் ஒப்படைத்தது. பிறகு முந்தானைக்குள்ளிருந்து ஒரு சொம்பை எடுத்து என்னிடம் நீட்டியது. திருப்பிப் பார்த்தேன். அடியில் சிலுவை.

"இது அவனோடதும்மா. மாறிப் போச்சு" என்றேன்.

"மாறலீங்க. இதத்தான் உங்க கையில குடுக்கச் சொன்னாரு. உங்குளுது வூட்ல கீது. கடசி மூணு நாளு அதுலதான் தண்ணி கேட்டாரு. வேறதுல குடுத்தா வாயி தொறக்கல."

"அந்தச் சந்தனத்த?" என்று கேட்டேன்.

"அது தெரியலீங்க. நான் எடுக்கும்போது கட்டிலடியில காலியா கெடந்துது. குடிச்சாரோ கொட்டிட்டாரோ."

எனக்கு அது தெரியவே போவதில்லை. நீ குடித்திருக்கவேண்டும் என்று பல நாள் நினைப்பேன். பிறகு, ஏன் குடிக்கவேண்டும், என் சாமியின் சந்தனம் உன் தொண்டையில் இறங்கினால்தான் எனக்கு நிம்மதியா, இதுவும் அந்தப் பழைய ருசிதானே என்று தோன்றும். தண்ணீர் கேட்டாயே, அதுவே போதும் என்று இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்தக் கடைசிக் கதை. சட்டம் வந்த வருஷம் உன் சித்தப்பா மகன் கண்டிகையிலிருந்து வந்து கிருத்திகைக்குக் காவடி எடுக்கவேண்டும் என்று கேட்டான். உங்கள் குடும்பத்தில் வேதத்துக்கு மாறாதவன் அவன். எங்கள் மளிகைக்காரர் யோசித்துவிட்டு, "மலைக்கு வரட்டும், யாரு தடுத்தா? நம்ம கோஷ்டியில முடியாது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, வந்துவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த வாரம், உன் இடத்துக்கு அப்போதுதான் வந்திருந்த புது ஆள் விளக்கு அறையில் உன் சொம்பை எடுத்துப் பார்த்தான். அவனும் அந்தக் கோஷ்டிதான். எதிர்ச் சுவரில் உன் ஆணியிலேயேதான் அதை மாட்டி வைத்திருக்கிறேன், தினமும் அதில்தான் குடிக்கிறேன்.

"அடியில சிலுவை கீதே, இது யாருது?" என்றான்.

"எங்க பாவாவுது" என்றேன்.

பிளாட்பாரத்துக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். அவனுக்குப் புரிய ரெண்டு நாள் ஆயிற்று. விசாரித்திருக்கிறான். மூன்றாம் நாளிலிருந்து அவன் என்னோடு உட்காருவதில்லை, எதையும் கையில் கொடுப்பதில்லை. கோஷ்டியிலிருந்து சொல்லியனுப்புவதும் நின்றுவிட்டது. மலைக்குத் தனியாக ஏறுகிறேன். கூட்டத்தோடு அரோகரா சொல்வதில் ஒரு சுகம் இருந்தது, அது இல்லாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது. உனக்குச் சொல்லவேண்டிய ஒரு சொல்லை உலகத்துக்குச் சொல்லிவிட்டேன், கேட்கவேண்டியவன் கேட்கவில்லை. ரொம்பத் தாமதமான வீரம், பாவா. சாயங்கால அரைமணி நேரத்தில் விளக்குகளைத் துடைத்து முடித்துவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பானையைத் திரும்ப ரொப்பி வைத்திருக்கிறேன். என்னைத் தவிர யாரும் அதில் மொள்வதில்லை.

இன்று அந்தச் சந்தனத்தை உன் சொம்பில் கரைத்தேன். கதவு திறந்திருந்தது, பிளாட்பாரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பார்க்க ஆள் இல்லை, தடுக்க ஆள் இல்லை, விரதமில்லை. சாமி என்னுடையது, சொம்பு உன்னுடையது. இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? வாய் வரை கொண்டுபோனேன். கை நின்றது.

நீ பார்த்தாயே, அதே இடத்தில். அதே அளவு நேரம்.

தினமும் நிற்கிறது, பாவா. ஒரு நாளாவது நிற்காமல் போகும் என்று நாலு வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றும் குடித்தேன். ஆனால் முதலில் நின்றது.